மென்பொருளின் மின்கணக்கு

நுழையும்முன்

குளிர்பதனப் பெட்டி வாங்கச் செல்வோர் அதன் கதவில் ஒட்டப்பட்டுள்ள விண்மீன்களை எண்ணிப் பார்க்கின்றனர். விண்மீன் கூடக் கூட மின்செலவு குறையும் என்பதை இன்று வீட்டிலுள்ள அனைவரும் அறிவர். ஆனால், அலுவலகங்களில் நாள்முழுதும் கணக்கெழுதும் மென்பொருளின்மீது அத்தகைய விண்மீன் எதுவும் ஒட்டப்படுவதில்லை. மென்பொருளும் மின்சாரத்தைச் செலவிடுகிறதா? ஆம் எனில், கையால் தொடமுடியாத ஒன்றின் செலவை எவ்வாறு அளப்பது? நூலையும் பாலையும் அளந்து பழகிய இரண்டு ஊர்களின் துணைகொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்கிறது இப்பாடம்.

நூற்பாலை கேட்கும் கேள்வி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னது நூலுக்கும் மருத்துவக் கட்டுத்துணிக்கும் பெயர்பெற்றது. பின்னது ஆண்டாள் கோவிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்றது. 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. இராமசாமி ராஜாவின் முயற்சியால் இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டது. அதனைத் தொடர்ந்து பல நூற்பாலைகள் தோன்றி, அப்பகுதியின் வாழ்வாதாரமாக நிலைபெற்றன.

நூற்பாலையில் பஞ்சின் விலைக்கு அடுத்து வரும் பெருஞ்செலவுகளுள் ஒன்று மின்சாரம். ஆகவே, ஆலையின் மேலாளர் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: 'ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் ஆயிற்று?' ஆலைத் தொழிலில் இதனை 'யு.கே.ஜி.' என்று சுருக்கமாக வழங்குவர். மாத இறுதியில் வரும் மின்கட்டணச் சீட்டு, எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பதை மட்டுமே கூறும். அச்செலவு முறையானதா, வீணானதா என்பதை அது கூறாது. உற்பத்தியான நூலின் எடையால் வகுத்துப் பார்க்கும்போதுதான் அவ்வெண்ணுக்குப் பொருள் பிறக்கிறது.

எனினும், எடையால் வகுப்பது மட்டும் போதுமா? ஓர் ஆலை 20ஆம் எண் நூலை நூற்கிறது. மற்றோர் ஆலை 80ஆம் எண் நூலை நூற்கிறது எனக் கொள்வோம். நூலின் எண் கூடக்கூட இழை மெல்லியதாகும். 840 கெஜ நீளமுள்ள நூற்சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அந்த எண்ணிக்கையே அந்நூலின் எண். மெல்லிய இழைக்கு முறுக்கு மிகுதியாக வேண்டும். ஒரே எடையுள்ள நூலுக்காகக் கதிர்கள் நெடுநேரம் சுழலவும் வேண்டும். ஆகவே, 80ஆம் எண் நூற்கும் ஆலை எத்துணைச் சிக்கனமாக இயங்கினாலும் கிலோவுக்கான மின்செலவு அங்கே கூடுதலாகத்தான் இருக்கும். இவ்விரண்டு ஆலைகளையும் அப்படியே ஒப்பிடுவது நேர்மையாகாது. அதனால்தான் எல்லா நூல்களின் மின்செலவையும் 40ஆம் எண் நூலுக்கு நிகராக மாற்றிக்கொண்டு, அதன்பின் ஒப்பிடும் வழக்கம் ஆலைகளில் உள்ளது.

இவ்வழக்கத்தில் இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, செலவைப் பயனால் வகுக்கவேண்டும் என்பது. மற்றொன்று, வகுக்கும் அலகு நேர்மையானதாக இருக்கவேண்டும் என்பது. மென்பொருளின் மின்செலவை அளப்பதற்கும் இவ்விரண்டு பாடங்களே அடிப்படையாகும்.

வணிக மென்பொருள்

ஒரு நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, ஊதியம், வரி ஆகியவற்றைப் பதிவுசெய்து, ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் மென்பொருளை வணிக மென்பொருள் என்கிறோம். சிறு கடையில் விலைப்பட்டியல் அச்சிடும் மென்பொருள் முதல், பல ஆலைகளை ஒரே கணக்கில் இணைக்கும் 'நிறுவன வளத் திட்டமிடல்' மென்பொருள் வரை இவ்வகையில் அடங்கும்.

இத்துறைக்கும் இராஜபாளையத்திற்கும் நெருங்கிய தொடர்புண்டு. நூலிலும் சிமெண்டிலும் வேரூன்றிய ராம்கோ குழுமம் நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருளையும் உருவாக்கத் தொடங்கியது. அம்முயற்சி 1997இல் ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் தனி நிறுவனமாகச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு மலர்ந்தது. இராஜபாளையத்திற்குத் தெற்கே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் பொறியாளர்கள் உலகெங்குமுள்ள நிறுவனங்களுக்காக வணிக மென்பொருள்களை உருவாக்குகின்றனர். ஆகவே, வணிக மென்பொருள் என்பது எங்கோ தொலைவில் நிகழும் தொழிலன்று. நம்மூர் இளைஞர்கள் பலர் நாளை ஈடுபடவிருக்கும் தொழிலாகும்.

மென்பொருளுக்கென்று தனியாக மின்கம்பி இல்லை. அது கணினிக்குக் கட்டளையிடுகிறது. கணினி மின்சாரத்தைச் செலவிடுகிறது. கணக்காளர் ஒரு விலைப்பட்டியலைப் பதிவுசெய்யும்போது அவருடைய கணினியும் திரையும் இயங்குகின்றன. செய்தி இணையக் கருவிகளின் வழியாகச் செல்கிறது. வேறோரிடத்தில் உள்ள சேவையகக் கணினியின் நுண்செயலி கணக்கிடுகிறது. தரவுத்தளம் அதனைச் சேமிக்கிறது. அவ்வறையைக் குளிர்விக்கும் கருவியும் உடன் இயங்குகிறது. இத்தனை இடங்களிலும் சிந்தும் மின்துளிகளின் கூட்டுத்தொகையே அவ்விலைப்பட்டியலின் மின்செலவாகும்.

பன்னாட்டு எரிசக்தி முகமையின் மதிப்பீட்டின்படி, 2024ஆம் ஆண்டில் உலகின் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 டெராவாட் மணி மின்னாற்றலைப் பயன்படுத்தின. நாம் வழங்கும் அலகில் கூறினால், இது 41,500 கோடி யூனிட். உலகின் மொத்த மின்பயன்பாட்டில் இது ஏறத்தாழ 1.5 விழுக்காடு. அலுவலக மேசைகளிலும் வீடுகளிலும் இயங்கும் கணினிகள் இக்கணக்கில் அடங்கா.

திறனும் ஆற்றலும்

மின்செலவைப் பற்றிப் பேசும்போது திறன், ஆற்றல் என்னும் இரண்டு சொற்களும் பலராலும் மாற்றி வழங்கப்படுகின்றன. இவற்றின் வேறுபாட்டைத் திருவில்லிபுத்தூரின் பால்கோவா அடுப்பைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

அகன்ற வாணலியில் பாலை ஊற்றி, சர்க்கரை சேர்த்து, கிண்டிக்கொண்டே சுண்டக் காய்ச்சிப் பால்கோவா எடுக்கின்றனர். ஒரு குறிப்பிட்ட நொடியில் தீ எவ்வளவு வேகத்தோடு எரிகிறது என்பது திறன். பால்கோவா இறக்கப்படும்வரை மொத்தம் எவ்வளவு விறகு எரிந்தது என்பது ஆற்றல். மின்சாரத்தில் திறனை வாட் என்னும் அலகாலும், ஆற்றலை ஜூல் என்னும் அலகாலும் அளக்கிறோம். ஒரு வாட் திறன் ஒரு நொடி நீடித்தால் ஒரு ஜூல். ஆயிரம் வாட் திறன் ஒரு மணிநேரம் நீடித்தால் ஒரு கிலோவாட் மணி. அதுவே மின்கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூலுக்குச் சமம்.

தீ பெரிதாக எரிவதைக் கண்டவுடன் விறகு வீணாகிறது என்று முடிவுசெய்துவிட முடியாது. வேலை விரைவில் முடிந்தால் மொத்த விறகு குறையவும் கூடும். கணினியிலும் இவ்வாறே நிகழ்கிறது. மிகுந்த திறனை எடுத்துக்கொண்டு விரைந்து முடிக்கும் மென்பொருள், குறைந்த திறனில் நெடுநேரம் இழுத்தடிக்கும் மென்பொருளைவிடச் சிக்கனமானதாக இருக்கலாம். ஆகவே, வாட்டை மட்டும் பார்த்து மென்பொருளை மதிப்பிடலாகாது.

> தெரியுமா?
> ஆற்றலின் அலகாகிய ஜூல், இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (1818–1889) என்பவரின் பெயரால் வழங்குகிறது. இந்தியாவில் ஆற்றல் சிக்கனத்திற்கான செயலகம் 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002 மார்ச்சுத் திங்களில் அமைக்கப்பட்டது. மின்கருவிகளுக்கான விண்மீன் முத்திரைத் திட்டம் 2006இல் தொடங்கப்பட்டது.

எதற்கு எத்தனை?

நூலுக்குக் கிலோ இருக்கிறது. மென்பொருளின் 'கிலோ' எது? மென்பொருளை மதிப்பிடுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா இதுவே.

மென்பொருளால் நிறைவேறும் பயனுள்ள வேலையின் ஓர் அலகைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு விலைப்பட்டியல், ஒரு தொழிலாளியின் ஊதியச் சீட்டு, ஒரு நாளின் இருப்பு அறிக்கை, ஒரு மாதத்தின் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கு ஆகியவற்றுள் எதுவும் அலகாகலாம். ஆனால், அவ்வலகு எவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும்.

பால் கூட்டுறவுச் சங்கங்களில் பாலை லிட்டரால் மட்டும் மதிப்பிடுவதில்லை. அதிலுள்ள கொழுப்பின் அளவையும் கொழுப்பல்லாத திடப்பொருளின் அளவையும் கண்டறிந்தே விலை வழங்குகின்றனர். லிட்டர் மட்டுமே அலகாக இருந்தால் நல்ல பாலைத் தருபவர் இழப்படைவார். நீர் கலப்பவர் ஊதியம் பெறுவார். அதுபோலவே, ஒரே பொருளைக் குறிக்கும் விலைப்பட்டியலும், நூறு பொருள்களைக் கொண்ட விலைப்பட்டியலும் எண்ணிக்கையில் ஒன்றுதான், உழைப்பில் ஒன்றல்ல. ஆகவே, 'பத்துப் பொருள்வரிகள் கொண்ட ஒரு விலைப்பட்டியல்' என்று அலகை வரையறுப்பது, எல்லா நூலையும் 40ஆம் எண்ணுக்கு மாற்றிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

பயனின் தரமும் அலகின் பகுதியே. பாலைச் சுண்டக் காய்ச்சாமல் இறக்கினால் விறகு மிச்சமாகும், பால்கோவா கிடைக்காது. கணக்கின் மறுபடியைப் பாதுகாப்பாகச் சேமிக்காமலும், பிழைகளைச் சரிபார்க்காமலும் விட்டுவிடும் மென்பொருள் மின்சாரத்தை மிச்சப்படுத்தக்கூடும். அதனைச் சிக்கனம் என்று கூறுதல் இயலாது.

அளக்கும் முறை

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம்மவர் பழமொழி. மென்பொருளின் மின்செலவை அளப்பதற்கான படிநிலைகள் பின்வருமாறு:

முதலாவதாக, பணியை வரையறுத்தல். இத்தனை விலைப்பட்டியல்களைப் பதிவுசெய்தல், இன்ன அறிக்கையை எடுத்தல் என ஒரு பணிப்பட்டியலை உருவாக்கி, ஒப்பிடப்படும் மென்பொருள்கள் அனைத்திற்கும் அதனையே அளித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, சூழலை ஒன்றாக்குதல். ஒரே கணினி, ஒரே தரவு, ஒரே அறை வெப்பநிலை ஆகியவை அமையவேண்டும். பின்னணியில் தாமாக இயங்கும் புதுப்பித்தல் பணிகளையும் நச்சுநிரல் சோதனைகளையும் நிறுத்திவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒன்றையும் மார்கழிக் குளிரில் மற்றொன்றையும் அளந்தால், குளிர்விக்கும் விசிறியின் செலவு மென்பொருளின் தலையில் விழும்.

மூன்றாவதாக, அடிநிலையை அளத்தல். எப்பணியும் செய்யாமல் கணினி வெறுமனே இயங்கும்போது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, பலமுறை அளத்தல். ஒருமுறை கிடைத்த எண்ணை நம்பலாகாது. பலமுறை அளந்து சராசரியையும், அளவுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

ஐந்தாவதாக, எல்லையை அறிவித்தல். கணினித் திரை சேர்க்கப்பட்டதா, இணையக் கருவிகள் சேர்க்கப்பட்டனவா, குளிர்விப்பு சேர்க்கப்பட்டதா என்பதைக் கூறாத அளவீடு, எந்த எண்ணில் நூற்கப்பட்ட நூல் என்று கூறாத யு.கே.ஜி. போன்றதாகும்.

அளப்பதற்கான கருவிகளுள் எளியது, மின்செருகிக்கும் கணினிக்கும் இடையே பொருத்தப்படும் மின்னளவி. கணினி எடுத்துக்கொள்ளும் மொத்த மின்சாரத்தை அது காட்டும். நுண்செயலி தன் செலவைத் தானே கணித்துக் கூறும் வசதியும் உண்டு. இன்டெல் நிறுவனம் 2011 முதல் தன் நுண்செயலிகளில் இவ்வசதியை அளித்துவருகிறது. மென்பொருளின் எப்பகுதி மிகுதியாகச் செலவிடுகிறது என்பதை அறிய இது துணைபுரியும். ஆனால், திரை, வட்டு, மின்வழங்கி ஆகியவற்றின் செலவு அதில் அடங்காது. ஆகவே, இருவகை அளவீடுகளையும் இணைத்துப் பார்ப்பதே முறை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நூல் வணிக நிறுவனம் நாள்தோறும் 2,000 விலைப்பட்டியல்களைப் பதிவுசெய்கிறது எனக் கொள்வோம். அதன் சேவையகக் கணினி வெறுமனே இயங்கும்போது 100 வாட் எடுக்கிறது. 'அ' என்னும் மென்பொருள் 180 வாட் திறனில் 60 நிமிடத்தில் அப்பணியை முடிக்கிறது. 'ஆ' என்னும் மென்பொருள் 240 வாட் திறனில் 20 நிமிடத்தில் முடிக்கிறது. இவ்வெண்கள் கணக்கிட்டுப் பார்ப்பதற்காக நாம் அமைத்துக்கொண்டவை.

| ஒரு விலைப்பட்டியலுக்கான ஆற்றல் | மென்பொருள் அ | மென்பொருள் ஆ |
|---|---|---|
| பணி நடைபெறும் நேரத்தில் மட்டும் | 324 ஜூல் | 144 ஜூல் |
| அடிநிலைச் செலவைக் கழித்தபின் | 144 ஜூல் | 84 ஜூல் |
| கணினி 24 மணிநேரமும் இயங்கினால் | 4,464 ஜூல் | 4,404 ஜூல் |
| கணினி 10 மணிநேரம் மட்டும் இயங்கினால் | 1,944 ஜூல் | 1,884 ஜூல் |

முதல் வரிசையைப் பார்ப்போர், 'ஆ' மென்பொருள் பாதிக்கும் குறைவான ஆற்றலில் பணியை முடிக்கிறது என்று மகிழ்வர். திறன் கூடுதலாக இருந்தும் ஆற்றல் குறைந்திருப்பதைக் காண்க. ஆனால், மூன்றாம் வரிசை வேறொன்றைச் சொல்கிறது. பணி முடிந்த பின்னும் கணினி இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருந்தால், இரண்டு மென்பொருள்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு விழுக்காடே வேறுபாடு எஞ்சுகிறது. சிறந்த மென்பொருளால் கிடைத்த ஆதாயத்தை வெறுமனே இயங்கும் கணினி விழுங்கிவிடுகிறது. நான்காம் வரிசையில், மென்பொருளை மாற்றாமலே, கணினியை அலுவல் நேரத்தில் மட்டும் இயக்கியதால் செலவு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

நூல் சுற்றாமல் சுழலும் கதிரை ஆலையில் எவரும் பொறுத்துக்கொள்வதில்லை. பணியின்றி இயங்கும் கணினியோ ஓசை எழுப்புவதில்லை. ஆகவே எவர் கண்ணிலும் படுவதில்லை. அளவீடு அதனைக் கண்ணில் படச்செய்கிறது. பல நிறுவனங்களின் பணிகளை ஒரே சேவையகத்தில் ஒருங்கிணைக்கும் மேகக் கணிமை முறை சிக்கனமாக அமைவதற்குரிய காரணங்களுள் ஒன்றும் இதுவே. தனித்தனியே வெறுமனே இயங்கும் பத்துக் கணினிகளின் வேலையை, ஓய்வின்றி இயங்கும் ஒன்றிரண்டு கணினிகள் செய்துவிடுகின்றன.

வீணாகும் இடங்கள்

மென்பொருளை எழுதும் முறையிலும் வீண்செலவு ஒளிந்திருக்கிறது. சமையலுக்குப் பத்து மிளகாய் தேவை. ஒவ்வொரு மிளகாய்க்கும் ஒருமுறை கடைக்குச் சென்று வருபவரை நாம் எள்ளி நகையாடுவோம். ஆனால், நூறு வரிகள் கொண்ட அறிக்கைக்குத் தரவுத்தளத்தை நூறுமுறை தனித்தனியே அணுகும் நிரல்கள் உண்டு. ஒருமுறை கேட்டு மொத்தமாகப் பெறுவதே அதற்குரிய வழி. ஒரு வாடிக்கையாளரின் முகவரியைக் காட்டுவதற்காக எல்லா வாடிக்கையாளர் விவரங்களையும் திரட்டிக் கொணர்தல், மாற்றம் ஏதுமில்லாதபோதும் நொடிக்கொருமுறை திரையைப் புதுப்பித்தல், எவரும் படிக்காத அறிக்கையை இரவுதோறும் உருவாக்குதல் ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவை.

நிரல்மொழிக்கும் இதில் பங்குண்டு. போர்ச்சுக்கல் நாட்டு ஆய்வாளர்கள் 2017இல் 27 நிரல்மொழிகளை ஒப்பிட்டனர். ஒரே வகையான கணக்குகளைச் செய்ய 'சி' மொழி எடுத்த ஆற்றலை ஒன்று எனக் கொண்டால், ஜாவா ஏறத்தாழ 2 மடங்கும் பைத்தான் ஏறத்தாழ 76 மடங்கும் எடுத்தன. இதனால் பைத்தானைக் கைவிடவேண்டும் என்று முடிவுகட்டலாகாது. அவ்வாய்வு தூய கணக்கீடுகளை அளந்தது. வணிக மென்பொருளோ பெரும்பொழுதைத் தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்திருப்பதில் கழிக்கிறது. எங்கே ஆற்றல் செலவாகிறது என்று அளந்தறிந்த பின்னரே எதை மாற்றுவது என்று முடிவுசெய்தல் வேண்டும்.

உலக அளவுகோல்கள்

தரவு மையங்களை மதிப்பிட 'மின்பயன்பாட்டு விகிதம்' என்னும் அளவை 2007 முதல் பெரிதும் பயன்படுகிறது. மையத்திற்குள் நுழையும் மொத்த மின்னாற்றலைக் கணினிக் கருவிகள் எடுத்துக்கொள்ளும் மின்னாற்றலால் வகுத்தால் இது கிடைக்கும். இவ்விகிதம் 1.5 எனில், கணினிகளுக்குச் செல்லும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குளிர்விப்பு முதலியவற்றுக்காக மேலும் அரை யூனிட் செலவாகிறது என்பது பொருள். ஆனால், உள்ளே இயங்கும் கணினிகள் பயனுள்ள வேலையைச் செய்கின்றனவா என்பதை இவ்வளவை கூறுவதில்லை. வெறுமனே இயங்கும் கணினிகள் நிறைந்த மையமும் நல்ல விகிதத்தைக் காட்டக்கூடும்.

இக்குறையைப் போக்கும் வகையில், 2021இல் தோன்றிய பசுமை மென்பொருள் அறக்கட்டளை 'மென்பொருளின் கரிமச்செறிவு' என்னும் அளவையை வகுத்தது. 2024இல் அது பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் தரமாகவும் ஏற்கப்பட்டது. மென்பொருள் எடுத்துக்கொள்ளும் மின்னாற்றலை, அம்மின்சாரத்தின் கரிமச்செறிவால் பெருக்க வேண்டும்; கணினிக் கருவிகளை உருவாக்கியபோது வெளியான கரிமத்தின் உரிய பங்கை அதனோடு கூட்ட வேண்டும்; வரும் தொகையைப் பணி அலகால் வகுக்க வேண்டும். நூற்பாலையின் கேள்வி இங்கே உலகத் தரமாகி நிற்பதைக் காணலாம்.

கரிமச்செறிவு என்பது ஒரு யூனிட் மின்சாரத்தை உருவாக்கும்போது எவ்வளவு கரிம வளிமம் வெளியாகிறது என்பதாகும். நிலக்கரி மின்சாரத்தில் இது மிகுதி. காற்றிலும் கதிரொளியிலும் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அவை மிகுதியாக மின்சாரம் தருகின்றன. கதிரொளி மின்சாரமோ நண்பகலில் பெருகுகிறது. ஆகவே, அவசரமில்லாத கணினிப் பணிகளைத் தூய மின்சாரம் பெருகும் பொழுதுக்கு மாற்றிவைத்தால், அதே ஆற்றலைச் செலவிட்டும் கரிம வெளியீட்டைக் குறைக்கலாம்.

ஜெர்மனி நாட்டின் 'நீலத் தேவதை' என்னும் சுற்றுச்சூழல் முத்திரை 2020 முதல் மென்பொருள்களுக்கும் வழங்கப்படுகிறது. 2022இல் ஆக்குலர் என்னும் ஆவணம் படிக்கும் மென்பொருள் இம்முத்திரையை முதன்முதலில் பெற்றது. வரையறுத்த பணிகளில் மென்பொருள் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை அறிவிப்பதோடு, ஐந்தாண்டுக்கு முற்பட்ட கணினியிலும் அது இயங்கவேண்டும் என்பதும் இம்முத்திரைக்குரிய நிபந்தனை.

இந்நிபந்தனை நமக்கு நெருக்கமானது. 2011 முதல் தமிழ்நாடு அரசு மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. ஒரு மடிக்கணினி பழுதடையாமலே பயனற்றதாகிவிடக்கூடும். புதிய மென்பொருள்கள் மேலும் மேலும் நினைவகத்தைக் கோருவதே அதற்குக் காரணம். விசைப்பலகையும் திரையும் நன்றாக இருந்தும் கணினி குப்பைக்குச் செல்கிறது. அதனை உருவாக்கச் செலவான ஆற்றலும் அதனோடு வீணாகிறது. பருத்த மென்பொருளின் செலவு மின்கட்டணச் சீட்டில் மட்டும் வருவதில்லை. புதிய கணினி வாங்க இயலாத வீட்டில் அது மாணவரின் கல்வியையும் தொடுகிறது.

அளவீட்டின் எல்லைகள்

அளந்துவிட்டால் எல்லாம் முடிந்ததாகக் கொள்ளலாகாது. 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர், நீராவிப் பொறிகள் சிக்கனமானபோது இங்கிலாந்தில் நிலக்கரிப் பயன்பாடு குறையாமல் பெருகியதைச் சுட்டிக்காட்டினார். சிக்கனம் ஒரு பொருளை மலிவாக்குகிறது. மலிவு பயன்பாட்டைப் பெருக்குகிறது. ஒரு மணிநேரம் எடுத்த அறிக்கை ஒரு நிமிடத்தில் கிடைத்தால், மாதம் ஒருமுறை பார்த்தவர் நாளுக்குப் பத்துமுறை பார்க்கத் தொடங்குவார். ஆகவே, அலகுக்கான செலவையும் மொத்தச் செலவையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும்.

அளவுணர்ச்சியும் வேண்டும். ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழலும் நூற்பாலையில், அலுவலகச் சேவையகத்தின் மின்செலவு மிகச் சிறியது. 100 வாட் எடுக்கும் கணினி நாள்முழுதும் இயங்கினாலும் 2.4 யூனிட்தான். அதே கணினியில் இயங்கும் மென்பொருள், எந்தப் பொறி வீணாக இயங்குகிறது, எந்த மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் எடுக்கிறது என்று காட்டுமானால், தான் செலவிடுவதைப் போலப் பன்மடங்கை அது மீட்டுத்தரும். ஒரே ஆலைக்குச் சிறிதாகத் தோன்றும் செலவு, இலட்சக்கணக்கான அலுவலகங்களில் ஒரே மென்பொருள் நிறுவப்படும்போது பெரிதாகிறது. நூற்பாலையில் ஒரு பொறியைச் சீர்செய்தால் அப்பொறி மட்டுமே சீராகும். மென்பொருளில் ஒரு வரியைச் சீர்செய்தால், அது இயங்கும் எல்லாக் கணினிகளும் பயன்பெறும். அதனை எழுதுபவரின் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெரியது.

நாளை நிரல் எழுதப்போகும் மாணவர், தாம் எழுதிய நிரல் சரியான விடையைத் தருகிறதா என்று சோதிப்பார். விரைவாகத் தருகிறதா என்றும் சோதிப்பார். 'எத்தனை ஜூலில் தருகிறது?' என்னும் மூன்றாவது வினாவையும் அவர் கேட்கவேண்டும். இராஜபாளையத்து நூற்பாலையில் பணியாற்றிய அவர்தம் பெற்றோருக்கு அவ்வினா புதிதாக இராது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையோடு மின்னளவியைப் பொருத்தி, கணினி வெறுமனே இயங்கும்போதும் காணொலி ஓடும்போதும் உறங்குநிலையிலும் எடுக்கும் திறனைப் பத்துமுறை அளந்து அட்டவணைப்படுத்துக.

2. பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டில், நாள்தோறும் 4,000 விலைப்பட்டியல்கள் பதிவாகின்றன எனக் கொண்டு, இரண்டு மென்பொருள்களின் நேரமும் இருமடங்காகும் நிலையில் நான்கு வரிசைகளையும் மீண்டும் கணக்கிடுக. எந்த வரிசைகள் மாறுகின்றன, எவை மாறவில்லை என்பதற்குக் காரணம் கூறுக.

3. நூலகம், அஞ்சலகம், பால் கூட்டுறவுச் சங்கம், மருத்துவமனை ஆகியவற்றின் மென்பொருள்களுக்கு ஏற்ற பணி அலகு எதுவாக இருக்கலாம்? ஒவ்வோர் அலகும் எவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதையும் குழுவாகக் கலந்துரையாடுக.

4. 'மென்பொருளுக்கும் விண்மீன் முத்திரை வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.